பூகோளம் படித்தால் அரசுப் பணி உண்டா?

(திருநகரில் கூடிய ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சென்ற மாதம் முதிய உழவர் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். வந்த காரியம் அவர் தெருவின் குடிநீர்க் குழாயைப் பற்றியது. அதைப் பேசி முடித்தபின் அவர் எழுந்து போகவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்றுத் தயங்கி நின்றார். பிறகு, “ஐயா, என் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிவிட்டாள். கல்லூரியில் பூகோளம்தான் படிப்பேன் என்கிறாள். அதைப் படித்தால் சர்க்கார் உத்தியோகம் கிடைக்குமா? முக்கால் ஏக்கர் வயலை நம்பிப் படிக்க வைக்கிறேன். பிள்ளையைத் தவறான வழியில் அனுப்பிவிடக் கூடாதே என்று பயமாயிருக்கிறது” என்றார்.

அன்று நாம் கூறிய விடை அரைகுறையானது. “உண்டு, உண்டு, படிக்கட்டும்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். எந்த உத்தியோகம், எந்த அலுவலகத்தில், எந்தப் பரீட்சை எழுதி என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் நாம் விழித்திருப்போம். ஆதலால் அதன்பின் சில நாட்கள் முயன்று விவரங்களைத் திரட்டினோம். அப்பெரியவரும் இக்கூட்டத்துக்கு வந்திருக்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டிய முழு விடையை உங்கள் அனைவர் முன்னிலையிலும் இன்று சொல்லக் கருதுகிறோம். இக்கேள்வி அவர் ஒருவர் வீட்டுக் கேள்வி மட்டுமன்று அன்றோ!

பூகோளம் என்பது யாது?

நம் காலத்துப் பள்ளிகளில் பூகோளம் என்றும், இன்று புவியியல் என்றும் வழங்கும் இப்பாடத்தை, நாடுகளின் தலைநகரங்களை நெட்டுருப் போடும் பாடம் என்றே பலர் எண்ணுகின்றனர். நம் திருப்பரங்குன்றத்துத் தென்கால் கண்மாயையும் நிலையூர்ப் பெரிய கண்மாயையும் எடுத்துக்கொள்ளுங்கள். மழை எந்த மேட்டில் பெய்தால் எந்த ஓடை வழியாக எந்தக் கண்மாய் நிறையும், கலுங்கு பாய்ந்தால் நீர் எங்கே போகும், எந்த வயல் கரிசல், எது செம்மண், எந்தக் கிணற்றில் சித்திரையிலும் நீர் இருக்கும் என்பதை உங்களில் வயது முதிர்ந்த ஒவ்வொருவரும் அறிவீர்கள். இடத்துக்கு இடம் நிலமும் நீரும் மக்கள் வாழ்வும் ஏன் வேறுபடுகின்றன என்று ஆராய்ந்து, அதனைப் படமாக வரைந்து காட்டும் சாஸ்திரமே புவியியல். நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று வகுத்து, அந்தந்த நிலத்துக்குரிய தொழிலையும் உணவையும் பயிரையும் வகைப்படுத்திய தமிழருக்கு இந்த அறிவு புதிதன்று.

நம் மதுரைச் சமவெளியே இதற்குச் சான்று. மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து வயல்களில் பாயும் பெரியாற்றுத் தண்ணீர், இயற்கையில் மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்க வேண்டிய தண்ணீர். அந்த ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்று எண்ணி, இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-ம் ஆண்டில் பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பிப் பார்த்துவரச் செய்தார். வழி உண்டு என்று அவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள். பொருள் வசதியின்றி அம்முயற்சி நின்றது. 1808-ம் ஆண்டில் காப்டன் கால்டுவெல் என்னும் பொறியாளர் பார்வையிட்டு, நடவாத காரியம் என்று எழுதினார். 1867-ம் ஆண்டில் மேஜர் ரைவ்ஸ் மீண்டும் திட்டம் வகுத்தார். பின்னர் பென்னிகுயிக் பொறுப்பேற்று அணையை எழுப்பி, ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள சுரங்கத்தை மலையில் குடைந்து, 1895-ம் ஆண்டில் நீரைக் கிழக்கே கொண்டுவந்தார். ஒரே மலையைப் பார்த்தவர்களில் ஒருவர் முடியாது என்றார். மற்றவர்கள் முடியும் என்றார்கள். எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம், நீர் பிரியும் வரம்பு எது என்பதைத் திருத்தமாக அளந்தறிந்த பிறகே அவ்வழக்குத் தீர்ந்தது.

அளந்தவர்களின் கதை

இந்நாட்டை அளக்கும் பணி நம் தமிழகத்தில் வேர்கொண்ட கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். நில அளவை கற்பிக்கும் பள்ளி ஒன்று மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் 1794-ம் ஆண்டில் சென்னையில் தொடங்கிற்று. அப்பள்ளியே வளர்ந்து இன்று கிண்டிப் பொறியியற் கல்லூரியாக விளங்குகிறது. 1802-ம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்பவர் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி பிடித்து அளந்தார். அதனை ஆதாரமாகக் கொண்டு, குன்றுக்குக் குன்று, கோபுரத்துக்குக் கோபுரம் முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதையும் அளந்தார்கள். குமரி முனைப் பக்கமிருந்து இமயமலை அடிவாரம் வரை சென்ற பெரிய அளவைத் தொடர், ஏறத்தாழ 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டிச் சென்றது. நம் மதுரையும் அதே ரேகையை ஒட்டியே அமைந்திருக்கிறது.

லாம்டன் பயன்படுத்திய கோணமானி அரை டன் எடையுள்ளது. 1808-ம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. அவர் மனம் தளராமல் பல வாரம் கூடாரத்துக்குள் இருந்து தம் கையாலேயே அதைச் செப்பம் செய்து, மறுபடியும் அளவையைத் தொடங்கினார். பின்னாளில் எவரெஸ்ட் சிகரமே உலகில் உயர்ந்தது என்பதை 1852-ம் ஆண்டில் கணக்கிட்டுச் சொன்னவர் வங்காளத்துக் கணித மேதை இராதாநாத் சிக்தர். அவர் அரசாங்கச் சம்பளம் வாங்கிய ஓர் உத்தியோகஸ்தர். நிலமறிந்தவருக்கு அரசுப் பணி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகவே இருந்துவருகிறது என்பதற்காகவே இவற்றைக் கூறினோம்.

நாம் செய்த பிழை

நாம் பணியேற்ற புதிதில் வேறோர் ஒன்றியத்தில் நடந்ததை உள்ளபடியே சொல்லிவிடுகிறோம். அங்கே ஓர் ஊருக்குப் புதுச் சாலை போட்டோம். சாலை ஒரு கண்மாயின் வரத்துக்காலைக் கடந்து சென்றது. அவ்விடத்தில் ஒரு சிறு பாலம் அமைக்கத் திட்டம் தயாராயிற்று. வரைபடத்தில் நாமும் கையொப்பமிட்டோம். அவ்வூர் நீர்ப்பாய்ச்சி, வயதானவர், நம்மிடம் வந்து, “ஐயா, பாலத்தின் அடித்தளம் வாய்க்காலைவிட மேடாக இருக்கிறதே” என்றார். பொறுப்பானவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நாம் அவருக்குச் சமாதானம் சொன்னோம்.

ஐப்பசியில் மழை பெய்தது. மேற்கேயிருந்து வந்த நீர் பாலத்தில் தட்டி மேல்புறத்து வயல்களில் நின்றது. அங்கே நெற்பயிர் அழுகிற்று. கீழ்ப்புறத்துக் கண்மாயோ பாதிகூட நிறையவில்லை; அதனை நம்பியிருந்தவர்கள் நடவே செய்யவில்லை. ஒரே மழையில் மேலே வெள்ளம், கீழே வறட்சி! இரு ஊராரும் ஒருவரையொருவர் நொந்துகொண்டார்கள். நொந்துகொள்ள வேண்டியது நம்மையே.

புவியியலில் முதுகலை பயின்று, அப்போது தற்காலிகப் பணியில் இருந்த ஓர் இளம்பெண் அவ்விடத்துக்கு வந்தார். முதலில் கிராமப் படத்தையும் புலப்படத்தையும் வரவழைத்துப் பார்த்தார். வரத்துக்கால் தனிச் சர்வே எண்ணோடு அதில் தெளிவாக இருந்தது. நாம் யாரும் அதைப் பிரித்தே பார்க்கவில்லை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 படத்தையும் பார்த்தார். அப்படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரைக் கிலோமீட்டர். அதில் 20 மீட்டருக்கு ஒரு சம உயரக்கோடு இருக்கும். நம்முடையது போன்ற தட்டை நிலத்தில் ஓரடி, இரண்டடி மேடு பள்ளத்தை அது காட்டாது. ஆகவே மட்டக் கருவியை வைத்து வாய்க்கால் நெடுகிலும் அளந்தார். நீர்ப்பாய்ச்சியையும் உடன் அழைத்துக்கொண்டு அவர் காட்டிய இடங்களையெல்லாம் குறித்தார். பாலத்தின் அடித்தளம் வாய்க்காலைவிட ஏறத்தாழ ஓரடி மேடு என்று தெரிந்தது. மறு ஆண்டு பாலம் திருத்தப்பட்டது. ஆயினும் ஒரு போகம் போனது போனதுதான்.

அந்த நீர்ப்பாய்ச்சியின் சொல்லைக் கருவிகொண்டு மெய்ப்பித்துக் காகிதத்தில் ஏற்றத் தெரிந்த ஒருவர் முன்பே அங்கு இருந்திருந்தால் அப்பயிர் பிழைத்திருக்கும். இத்தகையோர் அரசுப் பணிக்கு வர வேண்டும் என்று நாம் விரும்புவது இந்தக் காரணத்தினால்தான்.

பணிகள் எங்கே உள்ளன?

இனி உத்தியோக விஷயத்துக்கு வருவோம். மருத்துவம் படித்தவர் மருத்துவமனைக்கும், சட்டம் படித்தவர் நீதிமன்றத்துக்கும் போவது போலப் புவியியல் படித்தவர் போய்ச் சேர ஒரே அலுவலகம் கிடையாது. அவர்களுக்குரிய பணிகள் பல துறைகளில் பல பெயர்களில் பரவிக் கிடக்கின்றன. பெற்றோர் குழம்புவதற்கு இதுவே காரணம்.

முதலாவது, நிலப்படம் ஆக்கும் நிறுவனங்கள். 1767-ம் ஆண்டில் தோன்றிய இந்திய நில அளவைத் துறையின் தலைமையகம் டேராடூனில் இருக்கிறது. 1956-ம் ஆண்டில் பேராசிரியர் எஸ். பி. சட்டர்ஜி என்னும் புவியியலாரைத் தலைவராகக் கொண்டு கல்கத்தாவில் தேசிய நிலப்பட நிறுவனம் தொடங்கப்பட்டது. மழை, மண், காடு, பயிர், மக்கள் தொகை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம் வெளியிடும் நிறுவனம் அது. சட்டர்ஜி 1964 முதல் 1968 வரை அனைத்துலகப் புவியியல் சங்கத்துக்குத் தலைவராகவும் விளங்கினார்.

இரண்டாவது, மக்கள் தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம். அங்கே நிலப்படப் பிரிவு ஒன்று உண்டு. புவியியலார் என்ற பெயரிலேயே பதவிகளும் உண்டு. ஒரு வீடும் விடுபடாமலும், ஒரு வீடும் இருமுறை எண்ணப்படாமலும் இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு கணக்கெடுப்பாளருக்கும் எல்லை வரையறுத்த படம் வேண்டும். 2021-ம் ஆண்டில் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்புத் தள்ளிப்போய், 2027-ம் ஆண்டு மார்ச் 1-ம் தேதியை ஆதாரமாகக் கொண்டு நடத்துவதென 2025-ம் ஆண்டு ஜூனில் அரசிதழில் அறிவிப்பு வந்தது. உங்கள் ஊருக்கு எத்தனை குடும்ப அட்டை, எத்தனை வகுப்பறை, எவ்வளவு குடிநீர் என்ற கணக்குகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

மூன்றாவது, செயற்கைக்கோள் துறை. 1988-ம் ஆண்டு மார்ச் 17-ம் தேதி ஐ.ஆர்.எஸ். 1-ஏ என்னும் நம் நாட்டுத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அன்றுமுதல் நம் வயல்களையும் கண்மாய்களையும் வானிலிருந்தே படம் எடுத்துவருகிறோம். அப்படங்களைப் படித்துப் பொருள் சொல்லும் வேலை ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தில் நடைபெறுகிறது. ஒரு கண்மாய் முப்பது ஆண்டுகளில் எவ்வளவு சுருங்கிற்று என்பதை அப்படங்களை அடுக்கிவைத்துப் பார்த்தால் எவராலும் மறைக்க முடியாது.

நான்காவது, நம் மாநில அரசுத் துறைகள். நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறையில் அளவர், வரைவாளர் பதவிகள் உள்ளன. எல்லைக்கல் நடுவதும் புலப்படம் வரைவதும் 1923-ம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டப்படி நடப்பவை. 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் திட்டம் வகுக்க வேண்டும்; எந்தத் தெருவில் வெள்ளம் புகும் என்று முன்கூட்டியே வரைந்து காட்ட ஆள் வேண்டும். நகர் ஊரமைப்புப் பணிக்குப் புவியியல் முதுகலைக்குப் பின் அதற்குரிய மேற்படிப்பு ஒன்றும் தேவைப்படும். இத்திருநகர் 2011-ம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. சுற்றுப்புறத்தில் வயலாக இருந்த இடமெல்லாம் மனையாகி வருவதை நாள்தோறும் காண்கிறோம். எந்த வாய்க்காலை விட்டுவைக்க வேண்டும் என்று சொல்லக் கூடியவர் அங்கே மிகவும் அவசியம்.

ஐந்தாவது, ஆசிரியப் பணி. இதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். பட்டத்தோடு கல்வியியல் பட்டமும் பெற்றுத் தகுதித் தேர்வில் தேறியவர் பள்ளிகளிலும், முதுகலைக்குப் பின் தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேறியவர் கல்லூரிகளிலும் பணி பெறலாம். 1926-ம் ஆண்டில் சென்னையில் புவியியற் சங்கம் கண்டவர்களும் ஆசிரியர்களே.

ஆறாவது, பொது நிர்வாகப் பணி. மத்தியத் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாகப் புவியியலை எடுக்கலாம். அதற்கு இரண்டு தாள்கள், ஒவ்வொன்றுக்கும் 250 மதிப்பெண். எழுத்துத் தேர்வின் மொத்தம் 1,750. எந்தப் பட்டம் பெற்றவரும் 21 வயது நிறைந்தால் அத்தேர்வை எழுதலாம். நம் மாநிலத் தேர்வாணையத்தின் தேர்வுகளிலும் புவியியற் கேள்விகள் தவறாமல் இடம்பெறுகின்றன. அவ்வழியே வருபவர் ஆட்சியராகவோ வருவாய்த் துறையிலோ எம்மைப் போல் வளர்ச்சித் துறையிலோ அமரலாம். அங்கும் அவர் படித்த படிப்பு வீண்போகாது.

கவனிக்க வேண்டியவை

பெற்றோர் ஏமாறக் கூடிய இடங்களையும் சொல்லிவிட வேண்டும். புவியியல் வேறு, பாறைகளையும் கனிமங்களையும் ஆராயும் நிலவியல் வேறு. பெயர் ஒத்திருப்பதால் பலர் மயங்குகின்றனர். 1851-ம் ஆண்டில் தோன்றிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு ஆள் எடுக்கும் புவி அறிவியலாளர் தேர்வில், நிலவியலாளர் பதவிக்கு நிலவியற் பட்டமே கேட்கப்படும். புவியியல் முதுகலை பெற்றவர் அதற்கு மனுச் செய்ய இயலாது. இந்திய நில அளவைத் துறையின் உயர் பதவிகள் சிலவற்றுக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். நம் மாநில அளவர், வரைவாளர் பதவிகளுக்குத் தொழிற்பயிற்சி நிலையத்தில் அளவைப் பயிற்சி பெற்றவர்களையும் கட்டுமானப் பொறியியல் பட்டயம் பெற்றவர்களையுமே அறிவிப்புகள் கேட்டுவந்துள்ளன. ஆகவே பட்டப்படிப்பில் சேரும்முன்பே, விரும்பும் பதவியின் பழைய அறிவிப்பு ஒன்றை வாங்கித் தகுதிப் பகுதியை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

இன்னொன்று: இப்பதவிகள் ஏராளமல்ல. சில அலுவலகங்களில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஆள் எடுப்பார்கள். ஒரே பதவியை நம்பிக் காத்திருப்பது ஒரே மடையை நம்பிப் பயிரிடுவது போன்றது. ஆசிரியப் பணி, பொது நிர்வாகம், நிலப்படத் துறை ஆகிய மூன்றுக்கும் ஒருசேரத் தயாராக வேண்டும். பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

தயார் செய்துகொள்வது எப்படி?

மேல்நிலை வகுப்பில் புவியியலைப் பாடமாக எடுக்கலாம்; எடுக்காதவரும் பட்டப்படிப்பில் சேர வழியுண்டு. சென்னை மாநிலக் கல்லூரி, இராணி மேரிக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றில் இப்பாடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் முதுகலை பயிலலாம்.

பட்டம் மட்டும் போதாது. ஜி.ஐ.எஸ். என்று வழங்கும் புவித்தகவல் முறையில் கணிப்பொறியில் படம் ஆக்கக் கற்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தைப் படிக்கக் கற்க வேண்டும். புள்ளியியலும் ஓரளவு தெரிய வேண்டும். கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். பழைய அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. தந்தையோடு வரப்பில் நின்று இக்கணக்கைப் போட்டுப் பழகிய பிள்ளைக்கு நில அளவை எளிதில் வரும்.

பரீட்சைக்குப் படிக்க மதுரை நகரிலேயே வசதியுண்டு. புதுநத்தம் சாலையில் 2023-ம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வு நூல்கள் கிடைக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமின்றிப் பயிற்சி அளிக்கிறார்கள். அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் 2022-ம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்டது. வேண்டிய சான்றுகளை முன்கூட்டியே திரட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊராட்சிகள் செய்ய வேண்டியது

ஊராட்சி உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு.

முதலாவது, ஊராட்சி அலுவலகச் சுவரில் உங்கள் ஊர்க் கிராமப் படத்தைப் பெரிதாக எடுத்து மாட்டுங்கள். கண்மாய், வரத்துக்கால், மந்தை, சுடுகாடு, புறம்போக்கு ஆகியவற்றைத் தனித்தனி வர்ணத்தில் காட்டுங்கள். படத்தில் உள்ள வாய்க்கால் தரையில் உள்ளதா என்று ஊரார் தாமே கேட்பார்கள். மார்ச் 22-ம் தேதி, உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபையில் அப்படத்தை எல்லோர் முன்பும் வைத்துப் பேசலாம்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒருமுறையேனும், மழைக்காலத்துக்கு முன்பு, பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியரோடு கண்மாய்க்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீர்ப்பாய்ச்சியும் உடன் வரட்டும். பிள்ளைகள் பார்த்ததைப் படமாக வரையட்டும். இது வெறும் விளையாட்டன்று. 1930-ம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் டட்லி ஸ்டாம்ப் என்னும் புவியியற் பேராசிரியர், ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் கையில் படத்தைக் கொடுத்து, எந்த வயலில் என்ன பயிர், எது மேய்ச்சல், எது தரிசு என்று ஊர் ஊராகக் குறித்துவரச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் வருவது அரிதாகி உணவுக்கு நெருக்கடி நேர்ந்தபோது, எங்கே புதிதாக உழலாம் என்று தீர்மானிக்க அந்தப் படங்கள் பெரிதும் உதவின. சிறுவர் குறித்த கணக்கு ஒரு தேசத்துக்குச் சோறு போட உதவிற்று! நம் பிள்ளைகளால் மட்டும் ஆகாதா?

மூன்றாவது, தேர்வாணைய அறிவிப்புகள் வரும்போது அவற்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். தேதி தெரியாமல் ஓராண்டை இழந்த பிள்ளைகள் நம் ஒன்றியங்களில் இருக்கிறார்கள்.

முடிவாக

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவருக்குச் சொல்கிறோம். ஐயா, உங்கள் மகளுக்குப் பூகோளம் பிடித்திருந்தால் படிக்கட்டும். நாளைக்கே உத்தியோகம் என்று நாம் வாக்களிக்கவில்லை. அப்படி யாரும் வாக்களிக்கவும் முடியாது. பட்டம், அதன்பின் கணிப்பொறிப் படப் பயிற்சி, அதோடு போட்டித் தேர்வு என்று ஐந்தாறு ஆண்டு உழைப்பு வேண்டும். முக்கால் ஏக்கர் நிலத்தில் இந்தச் செலவு பெரிதுதான். ஆகையால் சேர்வதற்கு முன்பு ஒருநாள் மகளையும் அழைத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தக் கல்லூரி, எந்த உதவித்தொகை, எந்தப் பதவிக்கு என்ன தகுதி என்று உட்கார்ந்து எழுதித் தருகிறோம். இம்முறை நின்றபடி விடை சொல்லி அனுப்ப மாட்டோம்.

உங்கள் மகள் எந்த நாற்காலியில் அமர்ந்தாலும் சரி, ஒரு வரைபடம் கையொப்பத்துக்கு வரும்போது வாய்க்கால் எங்கே என்று முதலில் கேட்பாளானால், அன்று நாம் இழந்த போகம் போல் வேறெந்த ஊரும் இழக்காது. அப்படிக் கேட்கக் கூடிய பிள்ளைகள் இவ்வட்டாரத்தின் ஒவ்வொரு ஊரிலிருந்தும் வர வேண்டும் என்பதே நம் விருப்பம்.